வாயால் ஊதச் சொன்ன அண்ணனுக்கு

மூன்று மாதம் காத்திருந்தேன். இன்று காலை பதினொரு மணிக்குப் பலன் கிடைத்தது.

எங்கள் லேபில் ஒரே ஒரு சிரிஞ்ச் பம்ப்தான். முடியளவு வாய்க்கால் கீறிய கண்ணாடிச் சில்லுக்குள் திரவத்தைத் துளித்துளியாகத் தள்ளும். மூன்று மாதம் முன்பு, என் முறை வந்த நாளில் அதைச் சீனியர் அண்ணன் தூக்கிப்போய்விட்டார்.

போய்க் கேட்டேன்.

"ஒரு சொட்டுத் தண்ணிக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய பம்பு? வாயால ஊதிக்க."

லேபே சிரித்தது.

அன்றே காளவாசல் மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் ட்ரிப் செட் மூன்று வாங்கினேன். சிவப்புச் சாயத்துக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என இரண்டு பாட்டில்களை ஜன்னல் கம்பியில் கட்டி, குழாய்களைச் சில்லில் செருகினேன். உயர்த்தினால் வேகம், இறக்கினால் நிதானம்.

இன்று வெளியூர்ப் பேராசிரியர் பார்வையிட வந்தார். அண்ணன் பம்பைப் போட்டதும் கரண்ட் போனது. பம்ப் நின்றது. என் சில்லில் சிவப்பும் நீலமும் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. பேராசிரியர் லென்ஸோடு என் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

அண்ணன் என் காதோரம் குனிந்தார். "இன்னொரு செட்டு இருந்தா குடும்மா. என்னோடதப் பாக்காமலே அவரு போயிருவாரு."

"ஒரு சொட்டுத் தண்ணிதானண்ணே," என்றேன், பேராசிரியருக்கும் கேட்கும்படி. "வாயால ஊதிக்கங்க."

மூன்றாவது செட் என் பையில்தான் இருந்தது. உசிலம்பட்டி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

கொடுத்திருக்கலாம் என்பவர்கள் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். நாளைக்கும் கொடுக்க மாட்டேன்.