என் பெயரில் எழுதிய குப்பை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பெண் பிள்ளையைப் பெற்ற தகப்பன் முதலில் மேசனைத் தேடுவார். மாப்பிள்ளையைப் பிறகு தேடலாம். என் வாப்பா மேசனைத் தேடிய காலம் மகா மோசமான காலம். சூறாவளி கல்முனைக்குடியில் பாதி வீடுகளின் கூரையைத் தூக்கிக்கொண்டு போன அடுத்த வருடம் அது. மேசன்மாருக்கும் மரவேலை செய்யும் ஓடாவிமாருக்கும் அப்போது இருந்த மவுசு டாக்டர் மாப்பிள்ளைக்குக்கூட இருக்கவில்லை.

வாப்பா, பாவம், யாரோடும் குரல் உயர்த்தாத மனிதர். அவருடைய புடவைக் கடையில் துணி சாயம் போனதென்று யாராவது வந்தால், மாற்றிக் கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்பார். வீட்டிலிருந்த குரல் முழுவதும் எனக்கே வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் உம்மா ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தா. வெள்ளிக்கிழமை கலியாணம், செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு பார்க்க வருவோம், அன்றைக்கு வேலையெல்லாம் முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நோன்பு கழித்துப் பேசலாம். நோன்பு கழித்து என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? அதற்குள் முடிந்த வீட்டோடு வேறு யாராவது அந்த மனிதரைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கோ அவரைப் பிடித்திருந்தது. வேலி இடுக்கால் இரண்டு தரம் பார்த்திருந்தேன். இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

செவ்வாய்க்கிழமை காலையில் வீடு முடிந்துவிட்டது. குப்பைதான் முடியவில்லை. வாசலுக்கு நேரே என் இடுப்பளவுக்குக் கிடந்தது: உடைந்த கல், இறுகிப்போன சாந்து, மரச்சீவல், ஓட்டுத் துண்டு, சீமெந்துப் பை, பெயிண்ட் வாளி. வீட்டுக்குள் போக வருபவர்கள் அதில் ஏறித்தான் இறங்க வேண்டும்.

வாப்பா மேசனிடம் போய்த் தயவாகக் கேட்டார். கல்லும் சாந்தும் தன்னுடையவைதான், ஆனால் மேலே கிடக்கிற மரச்சீவலை ஓடாவி எடுத்தால்தானே கீழே கிடப்பதைத் தான் எடுக்கலாம் என்றார் மேசன். ஓடாவியிடம் கேட்டால், சீவலுக்கு மேலே பெயிண்ட் வாளி கிடக்கிறது என்றார். பெயிண்ட் அடித்தவரோ, வாளி வாப்பா வாங்கித் தந்த வாளி, ஆகவே அது வாப்பாவுடையது என்றார். ஓட்டுத் துண்டுக்கு உரிமை கோர ஒருவருமே இல்லை. ஓடு போட்டது ஓடாவி என்றார் மேசன். முகடு பூசும்போது மிதித்து உடைத்தது மேசன் என்றார் ஓடாவி. பகல் லுஹர் தொழுகையும் முடிந்தது. பிறகு மூன்று பேரும் ஒற்றுமையாக மாமரத்தடியில் குந்தித் தேத்தண்ணி குடித்தார்கள்.

அப்போதுதான் வாப்பா அந்தப் பிழையை விட்டார். மாப்பிள்ளை வீட்டாரின் மனம் குளிரட்டும் என்று, பூச்சுக் காயுமுன்பே வீட்டையும் அதைச் சுற்றியுள்ள வளவையும் என் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதியிருந்தார். இரக்கம் வரும் என்று நினைத்து அதை மேசனிடம் சொல்லிவிட்டார்.

மேசன் கோப்பையைக் கீழே வைத்தார். “வளவையும் அதுக்குள்ள இரிக்கிற எல்லாத்தையும் மகளுக்கெண்டுதானே எழுதின? அப்ப குப்பையும் மகளுக்குத்தான். அவவத்தான் அள்ளச் சொல்லணும்.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். கலியாணத்துக்கு முந்திய மூன்று நாளும் பெண் முற்றத்தில் இறங்கமாட்டாள் என்ற தைரியம் அவர்களுக்கு. வாப்பாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, உடைந்த கல்லைத் தன் கையாலேயே பொறுக்கத் தொடங்கினார்.

நான் வளவின் பின்பக்கத்துப் பழைய சமையல் குசினிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பாவின் குனிந்த முதுகைக் கண்டதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உம்மா என் கையைப் பிடித்தா. உதறிவிட்டு, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே மாமரத்தடிக்குப் போய், மேசனை அண்ணன் முறை சொல்லியே கூப்பிட்டேன்.

“ஓம் காக்கா, நீங்க சொல்றது சரி. இந்த வளவுக்குள்ள இரிக்கிற எல்லாம் என்ட. அந்தா நிக்கிற ஏணியும் என்ட. பலகையும் என்ட. உங்கட சாந்துக் கரண்டி, அவர்ர வாள், சீவுளி, இவர்ர தூரிகை எல்லாம் என்ட. வெறுங்கையோட ஊட்ட போங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. வேலை ஆயுதப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் புது வீட்டுக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினேன். அந்தப் பூட்டைக் கதவில் பொருத்தியதும் அந்த ஓடாவிதான். எவ்வளவு நல்ல பூட்டு என்று அவருக்கே தெரியும். பிறகு நான் கத்திய கத்தை இங்கே எழுத முடியாது. சூறாவளியில் மேசன்மார் ஏன் பறந்து போகவில்லை என்றும் கேட்டேன் என்று உம்மா பிறகு சொன்னா.

ஒரு மணித்தியாலத்துக்குள் முற்றம் வெறுமையாகிவிட்டது. பெயிண்ட் அடித்தவர் மேசனின் சாந்தைச் சுமந்தார். மேசன் ஓடாவியின் சீவலைக் கூட்டினார். எது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசிச் சீவலும் போன பிறகுதான் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தேன்.

அஸர் தொழுகை முடிந்து மாப்பிள்ளையின் உம்மா பெண்களோடு வந்தா. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவ வாசலில் நின்றபடியே சுவரைத் தடவினா, தரையைப் பார்த்தா, முற்றத்தைப் பார்த்தா. மேசன் முகம் கழுவித் தலைசீவி நின்றுகொண்டு, தங்கள் வேலை எப்போதும் இப்படித்தான், ஒரு தூசி விடமாட்டோம் என்றார். வளவுக்காரியான நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவ மேசனைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாப்பாவிடம் கேட்டா: “நாங்க லுஹரோடயே வந்து பக்கத்து வளவிலதான் இருந்த. இஞ்ச ஒரு பொம்புள போட்ட சத்தம் வேலியத் தாண்டி வந்திச்சு. அது ஆரு?”

எனக்கு உயிர் போய்விட்டது. வாப்பா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கூலிக்காரி என்றோ அயல் வீட்டாள் என்றோ சொன்னால் முடிந்தது. அவர் தலையை நிமிர்த்தினார். அவருடைய குரல் அவ்வளவு பலமாக வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

“அது என்ட மகள்தான்.”

மாப்பிள்ளையின் உம்மா செருப்பைக் கழற்றி, சுவரோரமாகச் சேர்த்து வைத்துவிட்டுச் சொன்னா:

“அல்ஹம்துலில்லாஹ். வெள்ளிக்கிழமையே வெச்சிக்குவம். என்ட மகன் கழட்டின சட்டைய அந்த இடத்திலயே போடுற ஆள். இருவத்தாறு வருசமாக் கத்தி எனக்குத் தொண்ட போயிட்டு.”