மூழ்கிய கப்பலுக்கு மூன்று டிக்கெட்

நாங்கள் குடிவந்த இந்த நாட்டில் மூழ்கிய கப்பலைப் பார்க்க டிக்கெட் எடுக்கிறார்கள். மூழ்கிய வள்ளங்களை இலவசமாகப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் பதின்மூன்று வயது மகள் அந்தக் கப்பலின் வரலாற்றைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே நாங்கள் இருக்கும் ஹில்ஸ்பரோவிலிருந்து தெற்கே நாலு மணித்தியாலம் கார் ஓட்டி, மறுகரை தெரியாத ஒரு நன்னீர் ஏரிக்கு மூவரும் வந்து சேர்ந்தோம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மூடிய இடங்கள் எனக்கு ஒத்துவராது. அலுவலகம் ஆறாம் மாடியில், லிஃப்டில் ஏறுவதில்லை. கேட்டால், தொப்பையைக் குறைக்கிறேன் என்பேன். தொப்பை அந்தப் பொய்க்கு ஒருநாளும் ஒத்துழைத்ததில்லை. இது பயம் என்று மகளுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று பகிடி விட்டே காலம் ஓட்டினேன். தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். "உங்களுக்குக் கோழிக்குஞ்சின்ர நெஞ்சு" என்பாள். அவளுக்குப் பயம் என்ற சாமானே கிடையாது என்று நம்பியிருந்தேன்.

படகு சின்னது, சுற்றிவரக் கண்ணாடி. எல்லோரும் ஏறியதும் ஓட்டுநர் கதவை இழுத்துக் கொளுவினார். செம்பட்டைத் தாடிக்காரர், அந்தக் குளிரிலும் வெறுங்கால். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டேன். "நோ வொரீஸ், மேட்" என்றார். நான் கேட்டது திசை, கிடைத்தது ஆறுதல். உயிர்காப்பு அங்கியின் பட்டி நெஞ்சை இறுக்க, எனக்கும் கதவுக்கும் இடையில் எத்தனை தலைகள் என்று எண்ணினேன். ஏழு. அதில் ஒன்று மிகப் பெரிய தலை.

"அப்பா, ஆர் யூ ஓகே?"

"ஓம் அம்மா. கப்பலுக்கு மரியாதையா நிமிர்ந்து இருக்கிறன்."

ஓட்டுநர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். ரோடுகள் வருவதற்கு முந்திய காலத்தில், ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களுக்குக் கோதுமை மா, தபால், கம்பளி மூட்டை, ஆட்கள் எல்லாம் அந்த நீராவிக் கப்பலில்தான் போய்வந்ததாம். ரோடு வந்தது, கப்பலுக்கு வேலை போனது. ஒரு குடாவில் பாறையோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்தார்கள். வருடக்கணக்காய்க் கிடந்து, ஒரு மாரிகாலத்தில், ஆளில்லாத நேரம், தண்ணீர் ஏறி அமிழ்ந்துவிட்டது. "ஒருவரும் சாகவில்லை" என்றார், மன்னிப்புக் கேட்பவர் போல.

குடாவுக்குள் வந்ததும், கீழே கிடப்பதை எல்லோரும் ஆற அமரப் பார்க்கட்டும் என்று எஞ்சினை நிறுத்தினார்.

நான் யோசிக்கவில்லை. மகளின் தோளைப் பிடித்திழுத்து, அவளோடு தரையில் விழுந்து, அவள் வாயைப் பொத்தியிருந்தேன்.

கிளாலிக் கடலேரியைக் கடந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற எங்களுக்கிருந்த வழி அது. இருட்டில் வள்ளம், ஆளுக்கு மேல் ஆள். ஏறும்போதே வள்ளம் ஓட்டுகிற ஓட்டி சொல்லிவிடுவார்: எஞ்சின் நின்றால் நேவி கிட்ட நிற்கிறது, படு, பிள்ளையின் வாயைப் பொத்து. பத்தொன்பது வயதில் ஒரேயொரு தரம் கேட்டது. முப்பது வருடமாகியும் அந்த ஓட்டி என் மண்டைக்குள் லீவு எடுக்காமல் வேலை செய்கிறார்.

ஓட்டுநர் ஓடிவந்து, எனக்குக் காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவிட்டு, வாந்திப் பை ஒன்றையும் நீட்டினார். மகள் என் கையைத் தட்டிவிட்டு எழும்பினாள். முகம் சிவந்திருந்தது. படகே எங்களைப் பார்த்தது. ஒரு பகிடி தேடினேன், அகப்படவில்லை. சமாளிப்பாள் என்று மனைவியைத் தேடினேன். இருக்கையில் ஆளில்லை. இருக்கைக்குக் கீழே, கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி, எனக்கு முன்னமே படுத்திருந்தாள்.

"நீருமா?" என்றேன்.

"வாயை மூடுங்கோ. அவன் இன்னும் எஞ்சின் போடேல்லை."

மகள் எங்களை மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, கப்பலின் வரலாறு எழுதக் கொண்டுவந்த கொப்பியோடு எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் இருந்தாள்.

"ஜோக் வேண்டாம், அப்பா," என்றாள், தமிழிலேயே. "சொல்லுங்கோ."

கதவு உள்பக்கமாகத்தான் திறந்திருந்தது. எழும்பி அதன் வாசலில் போய் நின்றிருக்கலாம். போகவில்லை, சொல்லத் தொடங்கினேன். தரையிலிருந்து பார்க்க, கதவினூடாகப் பாறையும் அதில் அந்தச் சங்கிலியும் தெரிந்தன. கப்பல் எப்போதோ அடிக்குப் போய்விட்டது. சங்கிலியின் ஒரு முனை இன்னும் கரையில் கட்டியபடி இருக்க, மற்ற முனை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே போனது.