அம்மாவின் வளையல் வேண்டுதல்

மூன்றாம் வகுப்பு முழுப் பரீட்சையை எழுதாமலே நான் நான்காம் வகுப்புக்குப் போனதற்கு மாரியம்மன்தான் காரணம். எனக்கு அம்மை வார்த்திருந்தது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். காய்ச்சல் ஏறி, கூப்பிட்டால்கூடக் கண் திறக்கவில்லையாம். எனக்கு அதெல்லாம் நினைவில்லை. நினைவிருப்பது கண் திறந்த பிறகு கிடைத்த இளநீரும், தெருவே வாசலோடு நின்று என்னை விசாரித்துவிட்டுப் போன பெருமையும்தான்.

நான் கண்ணை மூடிக் கிடந்த நேரத்தில் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள். மற்ற அம்மாக்கள் மாவிளக்குப் போடுகிறேன், கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். நம்மால் ஆகக்கூடிய காரியங்கள். எங்கள் அம்மா மட்டும், "எம் புள்ள கண்ணத் தொறக்கட்டும் தாயே, எங் கையாலயே ஒங் காலடியில வளவி கொண்டாந்து வைக்கிறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். நானும் கண்ணைத் திறந்துவிட்டேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

தா.பழூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். மாரியம்மன் கோயில் ஊர்த்தெருவில். நாங்கள் காலனிக்காரர்கள். திருவிழா அன்றைக்கும் கோயிலுக்கு எதிரே நிற்கும் வேப்பமரம் வரைக்கும்தான் எங்களுக்கு வழி. தட்டை அங்கேயே தரையில் வைத்துவிட வேண்டும். பூசாரி வந்து அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார். ஊர்த்தெருக்காரர்கள் கூட்டத்தில் இடிபட்டு உள்ளே போய்த் தட்டைக் கொடுக்கும்போது, நம் தட்டை மட்டும் பூசாரியே நடந்து வந்து, தண்ணீரெல்லாம் தெளித்து மரியாதையாக வாங்கிக்கொள்கிறாரே என்று நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"பூசாரிகிட்ட குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. அவரு கொண்டுபோயி வைக்கப்போறாரு, இதுக்குப் போயி இப்படி ஒடஞ்சு உக்காந்திருக்க" என்று பெரியம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"எங் கையாலன்னு சொல்லிட்டேனேக்கா. அவ காதுல விழுந்துதானே புள்ளயக் குடுத்தா?" என்பாள் அம்மா.

வளையல்கள் மஞ்சள் துணியில் முடிந்து தகரப் பெட்டியில் கிடந்தன. பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்கள். எனக்குப் போட்டுப் பார்க்க ஆசை. தொட்டால் முதுகில் ஒன்று விழும். அந்த வருஷம் பூராவும் நான் தும்மினால்கூட அம்மாவின் முகம் செத்துப்போகும். குளத்துப் படியில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தபோது, என்னைத் திட்டாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கொடுத்த பிள்ளையை அம்மன் திருப்பிக் கேட்டுவிடுவாள் என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்திருந்தது. நானோ, திட்டு விழாததில் குஷியாகி மறுநாளும் குளத்துக்குப் போனேன்.

அப்பா லாரி டிரைவர். அரியலூர் சிமெண்டை ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போய் வருவார். லாரி, லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவருடையது. தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, மகாபலிபுரத்தில் ஏதோ ஓட்டல் கட்டுகிறார்கள் என்று அப்பாவுக்கு அந்தப் பக்கம் அடிக்கடி லோடு கிடைத்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அங்க கடலோரமா ஒரு கோயிலு இருக்கு புள்ள. ராஜா காலத்துக் கோயிலு. கதவும் கெடையாது, பூசாரியும் கெடையாது. யாரு வேணா உள்ள போயி நின்னுட்டு வரலாம்."

அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். "சும்மா சொல்லாதீங்க."

"எங் கண்ணால பாத்தேங்குறேன்!"

அடுத்த லோடுக்கு நாங்களும் கிளம்பிவிட்டோம். விஷயத்தைக் கேட்ட பாய், "பொம்பளைங்க வர்ற வண்டி, மெதுவா ஓட்டுப்பா. இன்ஷா அல்லாஹ், எல்லாம் நல்லபடியா முடியும்" என்று சொல்லி, வழிக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தனுப்பினார். அம்மா ஜன்னலோரம், நான் நடுவில். அம்மாவின் மடியில் பை. பைக்குள் தட்டு, தேங்காய், சூடம், மஞ்சள், குங்குமம், வளையல் முடிந்த மஞ்சள் துணி. பெரம்பலூர் தாண்டும்வரை பழத்தைத் தின்றேன், அப்புறம் தூங்கிவிட்டேன். விழித்தபோது வெயில் வந்திருந்தது, காற்றில் உப்பு வாடை அடித்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் லாரியை நிறுத்தி, லோடு இறக்குவதைக் கிளீனர் அண்ணனிடம் விட்டுவிட்டு நாங்கள் நடந்தோம்.

கடலை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தாலே பெரிய விஷயம் எங்களுக்கு. "அப்பா, அந்தக் கர எங்கப்பா?" என்று கேட்டேன். "கர கெடையாதுடி" என்றார். நம்பவில்லை. அம்மா கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கண் கோயில் மேலேயே இருந்தது.

அப்பா சொன்னது பொய்யில்லை. கடற்கரைக் கோயிலுக்குக் கதவு இல்லை. ஆனால் காவலுக்கு ஆள் இருந்தார். தட்டையும் தேங்காயையும் பார்த்ததும் ஓடி வந்து தடுத்தார். இங்கே பூசை கிடையாது, சூடம் கொளுத்தக் கூடாது, பை வெளியிலேயே இருக்கட்டும், சும்மா பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அம்மா செருப்பைத் தூரத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். ஜனங்கள் செருப்போடும் ஷூவோடும் நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளே கருங்கல்லில் ஒரு சிவலிங்கம், அதுவும் உடைந்தது. வேறொரு இருட்டறையில் பெருமாள் படுத்திருந்தார். அம்மன் எங்கேயும் தனியாக இல்லை.

"இவங்களுக்கா வளவி வைக்க முடியும்?" என்றாள் அம்மா. அழுகிற மாதிரி இருந்தது குரல்.

அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு தூரம் அழைத்து வந்துவிட்டாரே. ஊருக்குள் பூசை நடக்கும் பெரிய கோயில் ஒன்று இருப்பதை விசாரித்து அங்கே கூட்டிப் போனார். கோபுர வாசலில் பூக்கடை, உள்ளே மணிச்சத்தம். உள்ளே தாயார் சன்னதி இருக்கிறது என்றாள் பூக்காரம்மா. எனக்கு உள்ளே பொங்கல் கிடைக்கும் போலிருந்தது. அம்மா படியிலேயே நின்றுவிட்டாள்.

அப்பா அவள் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார். "வா புள்ள. இங்க நம்மள யாருக்குத் தெரியப்போவுது?"

"தெரியாம பூந்துட்டு வர்றதுக்கா நான் வேண்டிக்கிட்டேன்?" என்றாள் அம்மா. "அதுவும் அய்யருதானே வாங்கி வைப்பாரு. வேணாம்ங்க. ஊருக்கே போயிடலாம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. லாரியில் இவ்வளவு தூரம் வந்து, கடலில் கால் நனைக்காமல், பொங்கலும் தின்னாமல் திரும்பிப் போவதா? யானை பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். வழியில் ஒரு கல் யானையின் படத்தைப் பார்த்து வைத்திருந்தேன். என் வாயை அடைக்கவே அப்பா எங்களை ஐந்து ரதம் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

மணலுக்கு நடுவில் கல் யானை நிஜமாகவே நின்றது. யானையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்ற கல் சிங்கத்தின் மேல் ஏறினேன். அப்போதுதான் சிங்கத்துக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தேன்.

"அம்மா! இங்க வந்து பாரேன், நம்ம வூடு!"

நிஜமாகவே எங்கள் கூரை வீடு மாதிரியேதான் இருந்தது. நாலு பக்கமும் சரிந்து இறங்குகிற கூரை, சின்ன வாசல். எல்லாம் ஒரே கல். வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் காவல் நின்றார்கள். உள்ளே சுவரில் ஒரு அம்மன். நாலு கை, நின்ற கோலம். முகமெல்லாம் தேய்ந்திருந்தது. பூவில்லை, பொட்டில்லை, விளக்கில்லை.

அம்மா எட்டி நின்றே உள்ளே பார்த்தாள். "எத்தன காலமா இப்படி நிக்கிறாளோ. ஒரு மஞ்ச குங்குமம் இல்லாம" என்றாள். யாரோ பட்டினி கிடக்கும் சொந்தக்காரியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"பாப்பா, எறங்கு! சிங்கத்து மேல ஏறக் கூடாது!"

காக்கிச் சட்டை போட்ட காவலாளி வந்துகொண்டிருந்தார். நான் குதித்து அப்பாவின் பின்னால் ஒளிந்தேன். அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவின் கையிலிருந்த பையைப் பார்த்தார். என்னம்மா அது என்றார். அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்துக் காட்டினாள். அம்மை, காய்ச்சல், வேண்டுதல், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"எந்த ஊரும்மா நீங்க?"

அம்மா ஊரைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "காலனிங்க" என்றும் சேர்த்துச் சொன்னாள். அப்பா சட்டென்று தரையைப் பார்த்தார்.

"நான் ஊரத்தானேம்மா கேட்டேன்" என்றார் காவலாளி. "தேங்கா ஒடைக்காத, சூடம் ஏத்தாத, கல்லு கருத்துப்போவும். அப்புறம் ஆபீசரு என் தாலிய அறுப்பாரு. வளவிதானே? போயி வச்சுட்டு வா."

அவ்வளவுதான். திரும்பி, வேறு யாரோ யானை மேல் ஏறுவதைப் பார்த்துக் கத்திக்கொண்டே போய்விட்டார்.

அம்மா முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டாள். வாசல் வரைக்கும் ஏறினாள். அங்கே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் நின்ற கல் பெண்களைப் பார்த்து, "வரட்டுமா?" என்று கேட்டாள். கல் எங்கேயாவது பதில் சொல்லுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா குனிந்து உள்ளே போனாள்.

சாமிக்கு முன்னால் எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை நீட்டினாள், மடக்கிக்கொண்டாள், மறுபடி நீட்டினாள். வளையல்களை ஒவ்வொன்றாக அம்மனின் காலடியில் அடுக்கினாள். மஞ்சள் வைத்தாள், குங்குமம் வைத்தாள். கடைசியில் அந்தக் கல் பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை. "வச்சுட்டேன் தாயே. எங் கையாலயே வச்சுட்டேன். பாத்துக்கிட்டியா?" என்று சத்தம் போட்டே கேட்டாள். ரதம் பார்க்க வந்த ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு யாரைப் பற்றியும் கவலையில்லை.

வெளியே வந்தபோது அம்மாவின் முகம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அந்த வருஷம் பூராவும் பார்த்த முகமில்லை அது. என் தலையைத் தடவினாள். முட்டியில் இருந்த தழும்பைத் தடவினாள். "இனி எவ்ளோ வேணா விழு" என்றாள். அப்பாவைப் பார்த்து, "நீங்களும் ஒரு எட்டு போயிட்டு வாங்க" என்றாள்.

"வேண்டுதல் ஒன்னோடது. நான் எதுக்கு?"

"சும்மா போயிட்டு வாங்கங்குறேன்."

அப்பா ஏறினார். தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனார். கும்பிடப் போகிறார் என்று பார்த்தால், கும்பிடவில்லை. உடனே வெளியே வந்துவிட்டார். வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். திரும்பி மறுபடியும் உள்ளே போனார். மறுபடியும் வெளியே வந்தார். கையால் நிலைக்கல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்னொரு தடவை உள்ளே போனார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அம்மா, அப்பா வெளையாடுறாரு பாரேன்!"

"வெளையாடட்டும்டி" என்றாள் அம்மா. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிரித்துச் சிரித்துத்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் இருந்தால் தூங்குவார், இல்லாவிட்டால் லாரியைக் கழுவுவார். எங்கள் அப்பாவுக்கு விளையாடவும் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விடுவேனா? ஓடிப்போய் ஏறி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் உள்ளே போனோம். வெளியே வந்தோம். உள்ளே போனோம், வெளியே வந்தோம். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சலித்துவிட்டது, கடலுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்பாவுக்கு இன்னும் சலிக்கவில்லை.