கடைசி வரியின் பச்சை விளக்கு

பொத்தேரியில் ஒரு கல்லூரியின் சர்வர் அறையில்தான், அதைக் கவனித்துக்கொள்ளும் அவரைச் சந்தித்தேன். கத்திரி வெயிலிலும் ஏசி குளிருக்கு மங்கி குல்லா போட்டிருந்தார். டீயை ஒரு வாய் குடிப்பார், திரையைப் பார்ப்பார். மறுபடி ஒரு வாய், மறுபடி திரை.

அந்தத் திரையில் ஓடிய மென்பொருள், கல்லூரியின் ஒவ்வொரு கருவியையும் நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். பதில் வந்தால் பச்சை விளக்கு. கருவிகள் பெருகிப்போனதில், ஒரு சுற்று கேட்டு முடிப்பதற்குள் அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிட்டது. அதைச் சரிசெய்யப் போயிருந்த நான், முக்கியமில்லாதவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும் என்று மாற்றிக்கொண்டே வந்தேன்.

பட்டியலின் கடைசி வரியில் இருந்த கருவியை மட்டும் அது பத்து நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது.

“இது எந்த பில்டிங் சார்?”

“மாடம்பாக்கம். என் வீட்டு வைஃபை பாக்ஸ். நான்தான் சேர்த்தேன்.”

“வீட்ல யார் இருக்காங்க?”

“இப்போ யாரும் இல்ல சார். ஆனா, கேட்டா பதில் வருதுல்ல.”

ஒரு பெட்டியால் குடி முழுகிவிடாது என்று விட்டுவிட்டேன். அவர்தான் விடவில்லை.

“அதுவும் முக்கியமில்லாததுதானே? அஞ்சு நிமிஷம்னே போடுங்க சார்.”

போட்டேன். இன்றுவரை ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

நான் கிளம்பும்போது டம்ளரைக் கையில் பிடித்தபடி கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயைக் குடிக்கவில்லை. அடுத்த பதில் வர இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.