நோயாளிக்கு வந்த பழங்கள்

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று தெரிந்த பிறகு எங்கள் வீட்டுக்குப் பழம் வர ஆரம்பித்தது. உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில், உடம்பு முடியாதவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். சாத்துக்குடி, சீப்புச் சீப்பாக வாழைப்பழம், இளநீர், பன், பிஸ்கட், மிக்ஸர் என்று அவரவர் கைக்கு எட்டியதைக் கொண்டு வருவார்கள். அதில் பெரும்பாலானது அவருக்கு ஆகாது. இளநீரும் வாழைப்பழமும் டயாலிசிஸ் நோயாளிக்கு விஷம் மாதிரி என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீரையே அளந்து குடிக்கிறவர் அவர். ஆனால் அரை நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தவர்களிடம், இது ஆகாது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாங்கி உள்ளே வைப்பேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே அத்தனையையும் நான்தான் தின்றேன்.

தின்றேன் என்றுதான் எழுத வேண்டும். சாப்பிடுவது என்பது தட்டு போட்டு உட்கார்ந்து செய்கிற காரியம். அதை அவர் முன்னால் செய்தேன். அவருக்குக் காய்கறியை நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும்; உப்பு பேருக்குத்தான். அவர் எதிரில் காரசாரமாகச் சாப்பிட மனசு வராமல் நானும் அதையே போட்டுக்கொண்டு உட்காருவேன். வாயில் வைக்க விளங்காது. இந்தச் செய்தி ஊரில் பரவி, புருஷனுக்காக உப்பைக்கூட விட்டவள் என்று எனக்கு நல்ல பெயர் வேறு.

டயாலிசிஸ் முடித்து வந்த மதியங்களில் அவர் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். நான் அறை வாசலில் நின்று, அவர் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறும், இறங்கும். நிம்மதியாகத் திரும்பிப் போய்த் தையல் மெஷினில் உட்கார வேண்டியதுதானே. உட்கார மாட்டேன். நேராக அடுப்பங்கரைக்குப் போய் நின்றபடியே பன்னைப் பிய்த்துச் சர்க்கரையில் தொட்டுத் தின்பேன், பழத்தை உரிப்பேன், மிக்ஸர் பொட்டலத்தைச் சத்தம் கேட்காமல் பிரிப்பேன். பயந்தால் எனக்குப் பசிக்கும். வாய் அசைகிற வரைக்கும் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும். முடிந்ததும் அதுவும் வரும், கூடவே வெட்கமும் வரும்.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். பெண்களின் உடம்பு ஏறும் என்று தெரிந்துதான் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்போம். இறுக்கமானால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும். என் ஜாக்கெட்டுகளில் பிரிக்க ஒரு தையலும் மிச்சமில்லாத நிலைமை வந்தது. உப்பில்லாமல் சாப்பிட்டும் இப்படி ஊதுகிறாளே, தைராய்டாக இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரம்மா பரிதாபப்பட்டார். இருக்கலாம் என்று நானும் சொல்லி வைத்தேன்.

இதெல்லாம் என் உடம்போடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவருக்குச் சிறுநீரகம் கொடுக்க முடிந்த ஆள் நான் ஒருத்திதான். அவர் அம்மாவுக்கும் சர்க்கரை, அண்ணனுக்கும் சர்க்கரை. எனக்கு ரத்த வகை பொருந்தியது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: இந்த எடையோடு எடுக்க முடியாது, மிச்சமிருக்கப்போகும் ஒன்றுக்கும் பிற்காலத்தில் ஆபத்து, குறைத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் மற்ற டெஸ்டுகளைப் பார்க்கலாம். ஆக, அவர் உயிருக்குக் குறுக்கே நின்றது என் உடம்பு. ஒருத்தியைக் கதிகலங்க வைக்க இதைவிட என்ன வேண்டும்? பாத்ரூம் போய் வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போய், அந்த ஆஸ்பத்திரி எதிரிலேயே நின்று ஒரு தட்டு பஜ்ஜி தின்றேன்.

எடையைக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி விரதம். ஆடி மாதம் வேறு பிறந்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு என்று ஆரம்பித்து, அது போதாது என்று சனிக்கிழமையைப் பெருமாளுக்குச் சேர்த்தேன். விரதம் என்றால் எங்கள் பக்கம் சோற்றைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். இட்லியைத் தொடலாம். உப்புமாவைத் தொடலாம். சாயங்காலம் விளக்கேற்றிப் படைத்த கேசரி பிரசாதம் ஆயிற்றே, அதை வேண்டாம் என்றால் சாமி குத்தம். பாலும் பழமும் கேட்கவே வேண்டாம், விரதத்துக்கென்றே பிறந்தவை. இதுவரை திருடியாகத் தின்ற வாழைப்பழத்தை இப்போது பக்தையாகத் தின்றேன். கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, கேழ்வரகுதானே, உடம்புக்கு நல்லது என்று சொம்பு சொம்பாகக் குடித்தேன். பசியோடு இருப்பது போலவும் இருந்தது, புண்ணியம் சேர்வது போலவும் இருந்தது. ஆடி முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடை ஏறியிருந்தது.

நர்ஸ் என்னை இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னார். மெஷின் தன் பேச்சை மாற்றவில்லை. செருப்பைக் கழற்றினேன், கைப்பையைக் கொடுத்தேன், வளையலைக் கழற்றப் போனபோது போதும்மா என்றார். என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கை கழுவும் முறையைப் படம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சண்டை எனக்கு நன்றாக வரும். வாயே திறக்காத ஆளோடு என்ன சண்டை போடுவது? ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கு அடுத்த முறை போனபோது டாக்டர் என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். என்னைக் கிறுக்கு என்று நினைத்துவிட்டாரா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். சின்னப் பெண், என் மகளைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன், முழுக்கப் பொய். அவள் அதைக் கேட்கவில்லை. சாப்பிடுவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று கேட்டாள். அறை வாசலில் நின்று வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அப்புறம் பன்னைச் சொன்னேன், மிக்ஸரைச் சொன்னேன், நோயாளிக்கு வந்த பழங்களையெல்லாம் சொன்னேன். ஆடி விரதத்துக்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்தது.

இது பேராசை இல்லை, நிறையப் பேருக்கு இருப்பதுதான் என்றாள். பயத்தைச் சாப்பாட்டால் அடைத்துக்கொண்டிருக்கிறேனாம். பட்டினி கிடக்காமல், உட்கார்ந்து, எனக்கு வேண்டிய உப்பைப் போட்டு வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். ஒழுங்காகச் சாப்பிடாதவளுக்குத்தான் மதியம் கை நீளுமாம். அந்த நேரத்தில் அடுப்பங்கரைக்குப் போவதற்குப் பதில் யாரிடமாவது பேச முடியுமா என்று கேட்டாள். அப்படி ஆள் இல்லை என்றேன். தேடிப் பாருங்கள் என்றாள்.

ஆள் பக்கத்திலேயே இருந்தார். காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ் நடக்கும் இடத்துக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு போட்டிருக்கும். உள்ளே அவர்களுக்கு ரத்தம் சுத்தமாகும் வரைக்கும் மனைவிமார் நாங்கள் அதில் உட்கார்ந்திருப்போம். உத்திரமேரூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்து அக்கா ஒருவர் எப்போதும் என் பக்கத்தில் உட்காருவார். அவர் வீட்டுக்காரர் பல வருஷமாக டயாலிசிஸில் இருந்தார். கொடுக்க அவர்கள் வீட்டில் பொருத்தமான ஆள் இல்லை. அக்காவின் பையில் எந்நேரமும் முறுக்கு இருக்கும், கை அதுபாட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கும். ஒருநாள் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"நானும் அதாம்மா பண்ணிக்கினு கீறேன்," என்றார். "ஒன் வூட்ல பழம், எங்க வூட்ல பிரியாணி. சொந்தக்காரங்க டப்பா டப்பாவா குடுத்து அனுப்பறாங்க. அவரு ஒரு வாயோட சரி. மீதி யாரு துன்றது?"

மதியத்தில் ஒருவருக்கொருவர் போன் செய்வது என்று பேசி வைத்துக்கொண்டோம். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கக்கூடாது. இன்னிக்கு இன்னா பயம் என்றுதான் கேட்க வேண்டும். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்தது, மகள் போனை எடுக்கவில்லை, அவருக்குக் கால் வீங்கியிருக்கிற மாதிரி தெரிகிறது என்று சொல்வேன். அக்காவும் சொல்வார். பாதி பயம் சொல்லி முடிப்பதற்குள் சின்னதாகிவிடும். மீதி அப்படியே நிற்கும். சில நாள் பேசி முடித்த பிறகும் போய்த் தின்றேன். அதையும் மறுநாள் சொன்னேன்.

காலையில் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தேன். பழத்துக்கும் ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. காவாந்தண்டலத்திலிருந்து என் நாத்தனார் கொல்லையில் வெட்டிய ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தபோது, அண்ணி, இது அவருக்கும் ஆகாது எனக்கும் ஆகாது, அடுத்த தடவை சும்மா வாங்க, உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்க என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. தாரைத் திருப்பி எடுத்துக்கொண்டே போய்விட்டார். புருஷன் படுத்துக் கிடக்கிறான், இவளுக்கு ஒல்லியாக வேண்டுமாம் என்று பேச்சு கிளம்பியது. பாடுபட்டுச் சேர்த்த நல்ல பெயர் ஒரே வாரத்தில் போயிற்று. பேசினால் பேசட்டும் என்று எழுத ஆசைதான், ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எடை மெல்ல இறங்கியது. பிரித்துவிட்ட தையல்களை மறுபடி பிடித்துத் தைத்தேன். டாக்டருக்குச் சந்தோஷம். இன்னும் கொஞ்சம்தான், அடுத்த முறை மற்ற டெஸ்டுகளை ஆரம்பித்துவிடலாம், எல்லாம் ஒத்துவந்தால் பொங்கல் கழித்து ஆபரேஷன் என்றார். என் கணவர் வெகு நாளைக்கப்புறம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியில் இருந்த வயல்களைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் மதியம் அவர் தூங்கியதும் நான் தோசை சுட்டேன். ஒன்று சுட்டு, அதைச் சர்க்கரை தொட்டு நின்றபடியே தின்று, அடுத்ததை ஊற்றி, மாவுப் பாத்திரம் காலியாகும் வரை தின்றேன். அவ்வளவு நாளில் அப்படித் தின்றதே இல்லை. நல்ல சேதி வந்த வீட்டில் எனக்கு என்ன கேடு? போன் அடித்தது. அக்கா வழக்கம்போலக் கேட்டார். வாயில் இருந்ததை விழுங்கினேன்.

"குடுக்க பயமா கீதுக்கா," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. எடை கூடியிருந்த வரைக்கும் என்னை யாரும் மேஜையில் படுக்கவைக்க முடியாது. குறைந்துவிட்டால் படுத்தாக வேண்டும். இதைப் போயும் போயும் யாரிடம் சொன்னேன் என்று நினைத்ததும் உடம்பு கூசியது. கொடுக்க ஓர் ஆள் கிடைக்காதா என்று வருஷக்கணக்காகக் காத்திருக்கிறவரிடம் சொல்லியிருக்கிறேன்.

"பயம் இல்லாம யாரும்மா குடுப்பாங்க," என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "இத என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவராண்ட சொல்லு."

அவர் விழிக்கிற வரைக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் அவர் பெரிய மனசு பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுவார், நான் சரி என்றுவிடுவேன், கொஞ்ச காலத்தில் அவர் இருக்க மாட்டார். என் மனசு இந்த வழியாகவே போய்ப் போய் வந்தது. அவர் கண்ணைத் திறந்ததும், முகம் கழுவக்கூட விடாமல் சொல்லிவிட்டேன். அறுத்து எடுக்கப்போவதை நினைத்தால் பயமாக இருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் தின்றுகொண்டே இருந்திருக்கிறேன் போல என்றேன்.

அவர் பெரிய மனசு எதுவும் பண்ணவில்லை. எழுந்து உட்கார்ந்து, போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒனக்கு இஷ்டம் இல்ல போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றார். "கேக்கல. கேட்டா வாணாம்னு சொல்லிடுவியோன்னு பயம். எனக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும்மே."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டு, ஒரே உப்பில்லாச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, மாசக்கணக்காக ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறோம். அப்புறம் அழுதேன். அவரும் அழுதார்.

"வாணாம்னு சொல்ல மாட்டேன்," என்றேன். "ஆனா பயமா கீதுன்னு சொல்லிக்கினே இருப்பேன். நீங்க கேட்டுக்கினு இருக்கணும். ஒண்ணும் ஆவாதுன்னு மட்டும் சொல்லக் கூடாது."

"சரி, சொல்லு," என்றார்.

சொன்னேன். மயக்க மருந்து கொடுத்த பிறகு நடுவில் விழிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று சொன்னேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று சொன்னேன். என்னுடையதை அவர் உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் போய்விட்டால் நாங்கள் இரண்டு பேரும் என்ன ஆவோம் என்று சொன்னேன். ஒண்ணும் ஆவாது என்று சொல்ல வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். பிறகு, இன்னும் பயம் கீதா என்று கேட்டார்.

இருந்தது.