மச்சினனும் ஒரு சர்வரும்

லிஃப்ட் மெக்கானிக் வீட்டில், ஃபிரிஜ்ஜுக்கு மேலே, திரையில் விரிசல் விழுந்த பழைய லேப்டாப் ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் சர்வர்; சொந்தக்காரர்கள் படம் போட, பேசிக்கொள்ள அவரே நடத்தும் குட்டித் தளம். ஆரம்பத்தில் அதை "உங்க சின்ன வீடு" என்று கேலி செய்துகொண்டிருந்த மனைவி, பிறகு தானும் அதில் ஒரு கணக்குத் தொடங்கிக் குடியேறிவிட்டாள்.

எல்லாம் அவருடைய அக்காவால் வந்தது. தனியாக இருக்கிற மனுஷி. பெரிய கம்பெனித் தளம் ஒன்று அவள் கணக்கை ஒருநாள் காரணம் சொல்லாமல் பூட்டிவிட்டது. கணவர் இருந்தபோது எடுத்த படங்கள் அத்தனையும் அதோடு போயின. யாரிடம் போய்க் கேட்பது? அங்கே மனிதர் என்று ஒருவர் இருந்தால்தானே.

"நம்ம வீட்டுலயே வெச்சுக்கலாம்க்கா" என்றார் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை மீட்பதே பிழைப்பாக இருப்பவருக்கு ஒரு லேப்டாப்பைக் கண்டா பயம் வரும்? இணையத்தில் கிடைத்த குறிப்புகளைப் படித்தார், கெடுத்தார், மறுபடி செய்தார். ஒருவழியாக ஓடியது. சொந்தபந்தம் எல்லாம் வந்து சேர்ந்தது.

அதிலுள்ள வசதி இதுதான்: இவர் சர்வரில் இருப்பவர்கள், மற்றவர்கள் நடத்தும் இதுபோன்ற சர்வர்களில் இருப்பவர்களோடும் பேசலாம், படம் பார்க்கலாம். அக்காவின் மகள் தூரத்து ஊரில் நர்ஸ். நர்ஸுகள் சிலர் சேர்ந்து நடத்தும் சர்வரில் இருந்தாள். கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு ஆள் ஆளுக்குப் படம் அனுப்ப அவளுக்கு நேரம் ஏது? அங்கே ஒன்று போடுவாள், இங்கே அக்கா பார்ப்பாள். பேத்தியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் காலைக் காபியே இறங்கும்.

ஒருநாள் படம் வரவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை.

அக்கா போன் செய்தாள். "பேரு வைக்கிற விஷயத்துல நான் ஒரு வார்த்தை அதிகமா பேசிட்டேன்டா. அவ என்னை ஒதுக்கிட்டா போல."

"நீயே கூப்பிட்டுக் கேளேன்."

"நான் கேக்க மாட்டேன். வேணாம்னு நினைச்சவகிட்ட போய்க் கேக்கிறதா?"

"இது மெஷின் கோளாறுக்கா. பார்த்துடறேன்" என்றார். அப்படித்தான் நம்பவும் செய்தார். கேபிளை மாற்றினார். மென்பொருளைப் புதுப்பித்தார். லேப்டாப்பின் விசிறியைக் கழற்றித் தூசி தட்டினார். லிஃப்ட் நின்றால் மோட்டாரைப் பார்க்கிறவருக்கு, உள்ளே ஏறியவனைப் பார்க்கத் தோன்றவில்லை.

கடைசியில் அக்கா மகளே கூப்பிட்டாள். "மாமா, உங்க சர்வரையே எங்க ஆளுங்க தடை பண்ணிட்டாங்க. உங்களுக்கு எத்தனை மெயில் போட்டாங்க தெரியுமா? அம்மாகிட்ட காரணத்தைச் சொல்லிடாதீங்க, மனசொடிஞ்சு போயிடுவாங்க, ப்ளீஸ்."

நிர்வாகியின் மெயில் முகவரி என்று பதிவுக்காக ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கமே அவர் போனதில்லை. திறந்தார். எல்லாம் ஒரே ஆளைப் பற்றிய புகார். மனைவியின் தம்பி. ஒரு நர்ஸ் வேலைக் களைப்பைப் பற்றி எழுதியதற்குக் கீழே கிண்டலாக ஆரம்பித்து, அவள் பதில் சொல்லச் சொல்ல, வீட்டில் வாய்விட்டுப் படிக்க முடியாத வார்த்தைகள் வரை போயிருந்தான். மெக்கானிக்குக் காது சூடானது.

நேரிலேயே போய்ச் சொன்னார், மன்னிப்புக் கேட்டு எழுது என்று.

"தமாஷுக்குச் சொன்னேன் அத்தான். இதுக்கெல்லாமா மன்னிப்பு? வேணும்னா என்னைத் தூக்கிடுங்க. உங்க வீட்டுலேருந்து வெளிய போடான்னு சொன்ன மாதிரி எடுத்துக்கறேன். அப்புறம் உங்க வாசப்படியும் மிதிக்க மாட்டேன்."

கம்பெனி பூட்டினால் கம்பெனியைத் திட்டிவிட்டுப் போகலாம். இங்கே கம்பெனி அவனுடைய சொந்த அக்கா புருஷன். நர்ஸுகளுக்கு எழுதிக் கேட்டதற்கு வந்த பதிலோ ஒரே வரி: அவரை நீக்குங்கள், திறக்கிறோம்.

நீக்கும் பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். இந்த வேலைக்கு எந்தக் குறிப்பிலும் வழி போட்டிருக்கவில்லை. பின்னால் வந்து நின்ற மனைவி, தம்பி எழுதியதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தாள். அவள் முகம் சுருங்கிப்போனது.

"தள்ளுங்க" என்றாள். "நீங்க தூக்கினா காலத்துக்கும் மாமன் மச்சான் சண்டை. நான் தூக்கினா அது எங்களுக்குள்ள."

அவளே அழுத்தினாள். அழுத்திவிட்டு, "நான்தான்டா செஞ்சேன்" என்று தம்பிக்குப் போனில் செய்தியும் அனுப்பினாள். அவன் படித்துவிட்டான் என்று காட்டியது. பதில் இல்லை.

நர்ஸுகள் சொன்ன சொல் தவறவில்லை. தங்கிப்போன படங்களெல்லாம் கண்ணில் பட, அக்கா உடனே கூப்பிட்டாள். மனைவிதான் எடுத்தாள். மெக்கானிக் பக்கத்திலேயே இருந்தார்.

"குழந்தைக்குப் பல்லு வந்திருக்கு, பாத்தியா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்!"

"மெஷின் மக்கர் பண்ணிச்சு அண்ணி. சரியாயிடுச்சு."

"ஆமா, உன் தம்பியை எங்க காணோம்? என் பேத்தி படம்னா முதல் ஆளா வந்து 'ராஜாத்தி'ன்னு எழுதுவானே. நல்லா இருக்கானா?"

"இருக்கான் அண்ணி" என்றாள் மனைவி. "வேலை ஜாஸ்தியாம். எங்கிட்டகூட பேச நேரமில்லை."