மாப்பிள்ளையின் ரத்தத்தில் ஒரு பூனை

“வீட்டுல பூனை வளர்க்கிறீங்களா?”

போன மாதம் ஓர் இளம் டாக்டர் இப்படிக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கேள்வி எனக்கில்லை, என் தங்கை ரீட்டாவின் கணவர் சேவியருக்கு. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. வலது அக்குளில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. மூன்று வாரமாகக் காய்ச்சல் வந்து வந்து போனது. அது என்னவாக இருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாத அந்த ஒரு வார்த்தைதான் தம்போயிலுள்ள அவர்களுடைய வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது. கட்டியை வெட்டிச் சோதிக்க நாளும் குறித்தாகிவிட்டது.

“பூனையா?” ரீட்டா முந்திக்கொண்டாள். “மக அழுது கேட்டும் உள்ள விடாத மனுசன் டாக்டர் இவரு!”

சேவியர் தலையாட்டினார். அவர் மணிக்கட்டில் ஆறிப்போன மெல்லிய கோடு ஒன்று.

“இது?”

“கம்பி கிழிச்சது டாக்டர்.”

டாக்டர் வாதாடவில்லை. “எதுக்கும் ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துடலாம்” என்றார்.

முடிவு வந்தது. பூனைக் கீறலால் வரும் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி, ரத்தத்தில் ஏராளம்!

“மறுபடி கேக்கறேன் சார். பூனை...?”

சேவியர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அலமாக், மாட்டிக்கிட்டேனே... வீட்டுல இல்ல டாக்டர். கம்பெனி கேட்டுல, செக்யூரிட்டி கார்டு போஸ்ட்ல ஒரு குட்டி. ஒத்தக் கண்ணு. பாவமா இருந்துச்சு...”

ரீட்டா மெதுவாகத் திரும்பினாள். “தெனம் கெம்போங் மீன் பொரிச்சுக் கட்டுன்னீங்களே, அது யாருக்கு?”

“பாதி எனக்குத்தான் லா.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். கிருமி பதித்த கண்ணாடித் தகட்டில் ரத்தத்தின் தெளிந்த நீரை விடுவார்களாம். ஆன்டிபாடி இருந்தால் கிருமியைப் பற்றிக்கொள்ளும். ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் – பச்சையாக மின்னும். பிறகு அந்த நீரைப் பாதிக்குப் பாதி நீர்க்கச் செய்வார்கள். மறுபடி பாதி. மறுபடியும் பாதி. சேவியருடையது அப்போதும் மின்னியதாம்!

யோசித்துப் பாருங்கள். நூலளவு கீறல். உள்ளே நுழைந்தது யார் என்று உடம்பு அடையாளம் பார்த்திருக்கிறது. அதற்கென்றே பொருந்தும் ஆயுதத்தைச் செய்திருக்கிறது. சேவியரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! அன்று முழுக்க என் கையிலுள்ள பழைய தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொல்லும் கதையைத்தான் நாம் டாக்டரிடமும் சொல்கிறோம். ரத்தத்துக்கு அந்த வீம்பு கிடையாது.

“பெரும்பாலும் இது தானா அடங்கிடும். கட்டி சுருங்குதான்னு பார்ப்போம். இல்லேன்னா வெட்டித்தான் ஆகணும்” என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். சுருங்கியது. போன வாரம் சுண்டைக்காய் அளவு. வெட்டும் தேதி ரத்து.

ரீட்டா இப்போது சாப்பாட்டுப் பையில் இரண்டு மீன் வைக்கிறாள் – கூடவே ஒரு ஜோடி கையுறை.